அப்பாவின் சான் தாய் வோங் லோரி: யாருக்குக் கொடுப்பது?

எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரம்புத்தான் மரத்தடியில், மரம் இழுக்கும் ஒரு பழைய சான் தாய் வோங் லோரி பல வருஷமாக நின்றிருந்தது. அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அவர் போன பிறகு தம்பிதான் மாதம் ஒரு முறை எஞ்சினைக் கிளப்பி, பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைப்பான். அது தவிர அதற்கு வேலை இல்லை. போன தைப்பூசம் முடிந்த கையோடு அம்மாவே பேச்சை எடுத்தார்: "மழையில நிக்க வச்சு சாகடிக்காதீங்க. வித்துடுங்க." அதன் பிறகு ஏழு மாதத்தில் ஐந்து பேர் வந்து பார்த்தார்கள். மிகக் குறைந்த விலை 3,900 ரிங்கிட், மிக அதிகம் 19,000. லோரி ஒன்றுதான், பார்த்த கண்கள்தான் வேறு.

எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மட்டுமல்ல, மலேசியாவின் பேராக், பகாங், கிளந்தான் மலையடிவாரத் தோட்டப்புறங்களில் இப்படி ஒரு லோரியைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. நாங்கள் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தோம் என்பது அவர்களுக்குப் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இது என்ன லோரி என்று சொல்லிவிடுகிறேன். சான் தாய் வோங் என்றால் கண்டோனீஸில் மலைராஜா. மலாய்க்காரர்கள் லோரி ஹந்து என்பார்கள். கதவும் விளக்கும் நம்பர் பிளேட்டும் இல்லாமல் காட்டுக்குள்ளிருந்து வெட்டுமரத்தோடு வரும்போது அது பேய் மாதிரிதான் தெரியும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் காமன்வெல்த் படைகளுக்காகக் கனடாவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஒரே வடிவமைப்பில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட இராணுவ லோரிகளைச் செய்தன. கப்பலில் இடம் மிச்சமாகட்டும் என்று மூக்கைச் சப்பையாக வைத்தார்கள். அதனால் எஞ்சின் டிரைவரின் காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், சூடு தாங்காது. 1941ன் கடைசியிலிருந்து வந்த 13ஆம் நம்பர் கேபினில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு முன்னால் சாய்ந்திருக்கும். வெயில் பட்டு மின்னி மேலே பறக்கும் விமானத்துக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அப்படி. போர் முடிந்ததும் இந்த மாதிரி இராணுவ லோரிகள் மலாயாவில் விலைக்கு வந்தன. சீன வொர்க்ஷாப்காரர்கள் வாங்கி, வயரைச் சுருட்டி இழுக்கும் வின்ச் பூட்டி, மரம் இழுக்கும் லோரியாக மாற்றினார்கள்.

எங்கள் லோரி ஷெவர்லே. அப்பா 1971ல் ஒரு மரக்காட்டுத் தவுக்கேயிடமிருந்து (முதலாளி) வாங்கினார். அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டங்களை வாங்கவென்று 1960ல் தொடங்கிய கூட்டுறவில் பாட்டி பத்துப் பத்து வெள்ளியாய் (ரிங்கிட்) கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா தன் சேமிப்பை லோரியில் போட்டார். தோட்டங்களில் மறுநடவுக்கு வெட்டிப்போட்ட ரப்பர் மரத்தை இழுத்து ரோட்டோரம் கொண்டுவந்து போடுவதுதான் தொழில். 2009 வரை ஓட்டினார். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நான் பக்கத்து சீட்டில்.

அந்த லோரியில் கனடாவிலிருந்து வந்தது எது, சுங்கை சிப்புட்டில் பிறந்தது எது என்று ஒரு காகிதத்தில் இரண்டு பக்கமாக எழுதினேன். விற்பதற்கு முன்னால் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். சேசிஸ், முன்பின் ஆக்சில்கள், நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி, ஸ்டியரிங், ரேடியேட்டருக்கு முன்னால் வரும் வலை, கிழிந்த மூக்குத் தகரம் இதெல்லாம் கனடா. எஞ்சின் பெர்க்கின்ஸ் 6.354 டீசல், 5.8 லிட்டர், பிற்பாடு மாற்றியது. ஷெவர்லேயின் பழைய ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை என்பார் அப்பா. கேபின் முழுக்க செங்கால் மரப் பலகை, ஊர் ஆசாரி அடித்தது. பம்பர், ரப்பர் ஷீட் உலர்த்தும் பழைய புகைவீட்டை இடித்தபோது கிடைத்த இரும்பு உத்தரம். வின்ச்சை ஏற்றிப் பொருத்தியது டவுன் சீனர் ஒருவர், வெல்டிங் இன்றுவரை விட்டதில்லை. கேபின் கூரைமேல் ஒரு டிரம், அதிலிருந்து குழாய் வழியாக, சூடு தணிய, பிரேக்குக்குத் தண்ணீர் சொட்டும். முன்பலகையில் அப்பா கைப்பட எழுதிய "முருகன் துணை". இந்த இரண்டாம் பக்கம்தான் நீளமாக வந்தது.

சரி, விலை பேசுவதற்கு முன் காகிதம். எங்களுக்கு ஏழு மாதத்தில் நாலு மாதம் இதில்தான் போனது.

கிரான், அதாவது வண்டியின் பதிவுச் சான்று, அப்பா பேரில். இறந்தவர் பேரில் இருக்கும் வண்டியை பிள்ளைகள் நினைத்த மாத்திரத்தில் விற்க முடியாது. வீடோ நிலமோ சேர்ந்திருந்தால் சின்னச் சொத்தாக நில அலுவலகத்தில் மனு போட வேண்டும், அசையும் சொத்து மட்டும் என்றால் அமானா ராயா என்ற அரசு நிறுவனம். எங்களுக்கு வீடு இருந்ததால் நில அலுவலகம். அம்மா, அண்ணன், நான், தம்பி நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அண்ணன் ஜொகூர் பாருவிலிருந்து இரண்டு முறை வந்து போனார். ஆகவே, வாங்க ஆள் வந்த பிறகு இதைத் தொடங்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள்.

அப்புறம் எஞ்சின் நம்பர். கிரானில் இருப்பது பழைய பெட்ரோல் எஞ்சினின் நம்பர். பெர்க்கின்ஸ் மாற்றியதை அந்தக் காலத்தில் யாரும் ஜே.பி.ஜே.யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பதியவில்லை. பேர் மாற்ற புஸ்பகோம் வண்டிப் பரிசோதனை நிலையத்தில் பி-5 பரிசோதனை தேறணும். அதில் சேசிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் கிரானோடு ஒப்பிடுவார்கள். சாலை வரி பல வருஷமாக இல்லாத, பலகை கேபின் போட்ட லோரி அங்கே தேறாது. சரக்கு லோரிக்கு சாலையில் ஓட லைசென்ஸ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்று வேறு இருக்கிறது. ஆகவே எங்கள் லோரி இனி சாலை வண்டி இல்லை, மலையில் வேலை செய்யும் மெஷின். இதை முதல் நாளே ஒத்துக்கொண்டதால் பல பேரிடம் வீண்பேச்சு மிச்சமானது.

கிரானை ரத்து செய்துவிடலாமே என்று தோன்றும். இரும்புக்கடைக்காரர் ரத்து செய்தால்தான் எடுப்பேன் என்றார். ஆனால் ஒருமுறை ரத்தான வண்டியைத் திரும்பச் சாலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. சேகரிப்பவர்களுக்கு உயிரோடு இருக்கும் பழைய கிரான் பாதி லோரிக்குச் சமம். ஒருவர் 'ஏ' என்று தொடங்கும் எங்கள் பழைய பதிவு நம்பருக்காகவே போன் செய்தார், லோரி வேண்டாமாம். ஆகவே யார் வாங்குகிறார் என்று முடிவாகும்வரை கிரானைத் தொடாமல் வைத்திருப்பதே நல்லது.

இனி வந்த ஆட்கள்.

பழைய இரும்புக்கடை. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் ஆலை எடைமேடையில் ஏற்றிய கணக்கு இருந்தது, வெறும் லோரி 3,940 கிலோ. கிலோவுக்கு ஒரு வெள்ளி, 3,900க்கு முடித்துக்கொள்ளலாம் என்றார். காசு அன்றைக்கே கையில். நியாயமான கடைக்காரர் உங்கள் ஐ.சி.யை (அடையாள அட்டை) பார்த்து எழுதிக்கொள்வார், பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு 1946லிருந்தே சட்டம் இருக்கிறது. எழுதாமல் எடுக்கிறவரிடம் கொடுக்காதீர்கள், உங்கள் நம்பர் பிளேட் நாளைக்கு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பழைய இராணுவ லோரிகளில் இரண்டு வட்டத் துண்டுகளை போல்ட் போட்டு இணைத்த சக்கரம் வரும். டயரில் காற்று இருக்கும்போது தப்பான நட்டைக் கழற்றினால் சக்கரம் வெடித்து ஆளை அடிக்கும். லோரியை வெட்டப் போகிற பையன்களுக்கு இது தெரிந்திருக்காது. யாருக்கு விற்றாலும், டயர் காற்றை முழுக்க இறக்கிய பிறகுதான் கை வைக்கணும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சேசிஸ் விரிசல் விட்டு, எஞ்சின் இறுகி, வின்ச்சும் இல்லை என்றால் இரும்புக்கடைதான் வழி, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓடுகிற லோரியை அங்கே அனுப்புவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

துண்டு துண்டாக விற்பது. இது தம்பியின் யோசனை. மரம் இழுக்கும் குத்தகைக்காரர் ஒருவர் வின்ச்சுக்கு மட்டும் 5,000 சொன்னார். "அக்கா, வின்ச் அஞ்சாயிரம், பெர்க்கின்ஸ் எஞ்சினை படகுக்காரன் எவனாவது எடுப்பான், ஆக்சிலுக்கு ஆள் இருக்கு, மிச்சத்த இரும்புக்குப் போடலாம். மொத்தமா கூட்டிப் பாரு." கூட்டிப் பார்த்தேன். காகிதத்தில் 15,000ஐத் தாண்டியது. தம்பி சொன்னதில் தப்பில்லை, இந்த லோரிகளுக்குப் புது சாமான் எங்கேயும் செய்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சான் தாய் வோங்கும் இறந்துபோன இன்னொன்றின் பல்சக்கரத்தில்தான் ஓடுகிறது.

ஆனால் அந்தக் கணக்கில் வராதவை இருக்கின்றன. வின்ச்சைக் கழற்றிய அன்றே மிச்ச லோரியின் விலை விழுந்துவிடும். எஞ்சினை இறக்க கிரேன் வேண்டும். ஆக்சில் வாங்குவேன் என்றவர் எந்த மாதம் வருவார் என்று தெரியாது. அதுவரை எண்ணெய் ஒழுகும் பாதி லோரி அம்மாவின் கண்முன்னே நிற்கும். இந்த வழி வொர்க்ஷாப் வைத்திருப்பவருக்குப் பொருந்தும், இடமும் ஆளும் அவரிடமே இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் செய்கிற வேலை இல்லை.

காப்பிக்கடை. ஈப்போவில் பழைய பொருள்களை வைத்து அலங்கரித்த கடை ஒன்றிலிருந்து வந்தார்கள், 7,500. கேபினைப் பார்த்து மயங்கிவிட்டார்கள், "முருகன் துணை"யைத் துடைக்கக் கூட மாட்டோம் என்றார்கள். எஞ்சினும் வின்ச்சும் அவர்களுக்குச் சுமை, எடுத்துக்கொண்டால் தூக்கிவைக்க லேசாக இருக்கும் என்றார்கள். அதாவது எங்கள் காகிதத்தின் இரண்டாம் பக்கத்தில் பலகை மட்டும் வாழும், மற்றதெல்லாம் போகும். எஞ்சின் செத்து, கேபின் மட்டும் அழகாக இருக்கிற லோரி என்றால் நான் இவர்களுக்கே கொடுத்திருப்பேன், ஓடாத லோரிக்கு நிழலான ஓர் இடம் கிடைப்பது நல்ல விஷயம்தான். அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமே என்று அண்ணன் கேட்டார். போர்ட்டிக்சனில் இராணுவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அது இராணுவத்தின் கதையைச் சொல்லும் இடம். எங்கள் லோரி இராணுவத்தில் இருந்தது சில வருஷம், ரப்பர் தோட்டத்தில் இருந்தது அதைவிட எத்தனையோ மடங்கு.

அடுத்து சேகரிப்பாளர். இவரைப் பற்றிக் கொஞ்சம் நிறைய எழுத வேண்டும், ஏனென்றால் அதிக விலை சொன்னவர் இவர், முடிவைக் கடினமாக்கியவரும் இவர்தான்.

கோலாலம்பூர் பக்கம், கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்தார். வந்ததும் காப்பி கூடக் குடிக்கவில்லை, ஒரு பாயை விரித்து லோரிக்கு அடியில் போய்விட்டார். இரண்டு மணி நேரம். சேசிஸில் மண்ணைச் சுரண்டி, சாக்கட்டி தேய்த்து, நம்பரைப் படித்துக் காட்டினார். ஐம்பது வருஷமாக எங்கள் வீட்டில் இருந்த லோரியில் அப்படி ஒரு நம்பர் பொறித்திருப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சாமான் கொட்டகையில் சாக்குக்கு அடியில் அப்பா பத்திரப்படுத்திய மூக்குத் தகரத்தையும் ரேடியேட்டர் வலையையும் எடுத்துக் கொடுத்தபோது அவர் கை நடுங்கியது. அந்தத் தகரத்துக்காக மட்டும் விலையில் 2,000 கூட்டினார். இதைக் கவனியுங்கள்: ஓட்டை விழுந்த தகரம், பித்தளைப் பட்டயம், உடைந்த மீட்டர் எதையும் தூக்கிப் போடாதீர்கள். லோரியில் பொருத்தாமல் மூலையில் கிடப்பதுதான் இவரைப் போன்றவர்களுக்குப் பெரிய வரவு.

மனிதர் நேர்மையானவர். என்ன செய்யப் போகிறேன் என்று மறைக்காமல் சொன்னார். பலகை கேபினைக் கழற்றுவேன், ஆஸ்திரேலியப் பண்ணைகளில் கிடக்கும் பழைய லோரியிலிருந்து 13ஆம் நம்பர் கேபின் ஒன்றை வரவழைப்பேன், பெர்க்கின்ஸை எடுத்துவிட்டு ஷெவர்லே எஞ்சினைத் திரும்ப வைப்பேன், வின்ச் போகும், கனடாவிலிருந்து கப்பலேறிய நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்குவேன் என்றார். அதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன். "அஞ்சு, ஆறு வருஷம். பலகையை நீங்களே வச்சுக்கலாம் அக்கா, நான் ஜாக்கிரதையா கழட்டித் தரேன்" என்றார்.

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் காப்பாற்ற நினைப்பது 1940களின் லோரியை. அது உலகத்தில் வேறு இடங்களிலும் இருக்கிறது, காப்பாற்ற ஆட்களும் இருக்கிறார்கள். செங்கால் கேபினும் தண்ணி டிரம்மும் புகைவீட்டு உத்தரமுமாக இருக்கும் எங்கள் லோரி இது ஒன்றுதான். அவர் கண்ணில் அது பிற்காலத்து ஒட்டு, என் கண்ணில் அதுதான் லோரி. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. உங்கள் லோரியில் தகர கேபின் அப்படியே இருந்தால், பெட்ரோல் எஞ்சினும் கிரானும் ஒத்துப்போனால், யோசிக்கவே வேண்டாம், சேகரிப்பாளரைத் தேடுங்கள். அவர் கையில்தான் அது நீண்ட நாள் இருக்கும். ஒன்று மட்டும், அவசரப்படுத்தாதீர்கள். இவர்களுக்குப் பணம் புரட்ட, இடம் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். முன்பணம் வாங்கி, காலக்கெடு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக வந்தவர் டுரியான்காரர். ஜாலோங் பக்கம் மேட்டில் தோட்டம். அவருடைய அப்பாவும் எங்கள் அப்பாவும் பழைய பழக்கம். அம்மாவை அக்கா என்றும் என்னைத் தங்கச்சி என்றும்தான் கூப்பிடுவார். அவர் சொன்ன விலை 14,000.

அவர் லோரிக்கு அடியில் போகவில்லை. ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தார். கியர் மாற்றும்போது இரண்டு முறை மிதித்து, இடையில் எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, சத்தமில்லாமல் போட்டார். இந்தக் கியர்பெட்டியை அப்படி மதித்து ஓட்டத் தெரிந்தவர் இன்றைக்குக் குறைவு. பிறகு வின்ச். வயர் ரோப்பை முழுக்க அவிழ்த்து, கையுறை போட்டு ஒரு சாண் ஒரு சாணாகத் தடவிப் பார்த்தார், எங்கே இழை அறுந்திருக்கிறது என்று. கொல்லையில் விழுந்து கிடந்த மரத்தைக் கட்டி மெதுவாக இழுத்தார், இழுவையிலேயே நிறுத்தி, டிரம் வழுக்குகிறதா என்று ஐந்து நிமிஷம் காத்திருந்தார். வழுக்கவில்லை.

அவருக்கு ஏன் இப்படி ஒரு பழைய லோரி என்று கேட்டேன். மழைக்காலத்தில் செம்மண் பாதையில் ஹைலக்ஸ் பிக்கப் ஏறும், ஆனால் சுமையோடு ஏறாது. உரமூட்டை மேலே போகணும், சாய்ந்த மரம் கீழே வரணும். அந்த வேலைக்குப் புது மெஷின் வாங்கும் விலைக்குத் தோட்டம் தாங்காது. டீசல் கணக்கையும் போட்டு வைத்திருந்தார். 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் 2.15லிருந்து 3.35 ரிங்கிட்டுக்குப் போனதே, அதிலிருந்து சின்னத் தோட்டக்காரர்கள் எல்லோரும் லிட்டரை எண்ணித்தான் ஊற்றுகிறார்கள். தகுதி உள்ளவர்களுக்கு அரசு அப்போது கொடுத்த மாதம் 200 ரிங்கிட் உதவியை வைத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் ஓட்டினால் கட்டுப்படியாகும் என்றார். நாள் முழுக்க ஓட்ட நினைக்கிறவருக்கு இது ஒத்துவராது, அப்படிப்பட்டவர் வாங்க வந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இவரிடம் கொடுப்பதிலும் ஒரு பயம் இருந்தது. சேகரிப்பாளரிடம் போகும் லோரிக்கு ஆபத்தில்லை, அது கண்ணாடி மாதிரி துடைத்து நிற்கும். மலையில் ஓடுகிற லோரி ஆளைக் கொல்லும். இந்த லோரிகளின் பிரேக் எண்ணெய் ஒரே வழியாகப் போகும், ஓர் இடத்தில் ஒழுகினால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. அதோடு, பெட்ரோல் எஞ்சின் உறிஞ்சும் காற்றை வைத்துத்தான் பிரேக் மிதிக்கு உதவி கிடைக்கும். டீசலுக்கு மாற்றினால் அந்த உதவி போய்விடும், தனியாக வேக்கம் பம்ப் வைக்க வேண்டும். அப்பா வைத்திருந்தார். பல லோரிகளில் வைத்திருக்க மாட்டார்கள், மிதித்து மிதித்து ஓட்டிப் பழகியிருப்பார்கள். வாங்குகிறவருக்கு அது தெரியாது. தெரிந்த குறையை மறைத்து விற்பது எனக்குப் பாவமாகத் தோன்றியதால் பேரத்துக்கு முன்னாலேயே பிரேக்கில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதற்காக 1,500 குறைக்கச் சொன்னார். குறைத்தோம். ஆக, 12,500.

19,000 எங்கே, 12,500 எங்கே. வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. அண்ணன் சேகரிப்பாளர் பக்கம். "அப்பா பேர் சொல்ற மாதிரி ஒரு லோரி காலகாலத்துக்கும் நிக்கும்" என்றார். நான் கேட்டேன்: "நிக்கிறது அப்பா லோரியாண்ணே? அப்பா தொட்ட எதுவும் அதுல இருக்காதே." தம்பி இருவருக்கும் நடுவில். 6,500 ரிங்கிட் சின்னப் பணம் இல்லை, எங்கள் வீட்டுக் கூரையை மாற்றிவிடலாம். பணம்தான் அவசரம் என்றால் நான் இப்படி வாதாடியிருக்க மாட்டேன். கடனோ மருத்துவச் செலவோ இருக்கிற வீட்டில் அதிக விலைக்குக் கொடுப்பதுதான் சரி, அதை யாரும் குறை சொல்ல முடியாது.

முடிவைச் சொன்னது அம்மா. டுரியான்காரர் வின்ச்சை நிறுத்திக் காத்திருந்த அந்த ஐந்து நிமிஷத்தை அவர் சமையற்கட்டு வாசலிலிருந்து பார்த்திருக்கிறார். "அவன் உங்கப்பா மாதிரி நின்னான்" என்றார். அதற்கு மேல் அண்ணன் பேசவில்லை. மூக்குத் தகரத்தையும் வலையையும் சேகரிப்பாளருக்கே தனியாகக் கொடுத்தோம், அந்த 2,000க்கு. அவர் லோரி கிடைக்காததற்கு வருத்தப்பட்டாலும் மறுநாளே வந்து எடுத்துப் போனார். அவர் தேடிக்கொண்டிருக்கும் வேறொரு லோரிக்கு அது மூக்காகும்.

கொடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். டுரியான்காரர் சாலையில் ஓட்டப் போவதில்லை என்பதால், நில அலுவலக உத்தரவு கைக்கு வந்ததும் ஜே.பி.ஜே.யில் பதிவை ரத்து செய்தோம். நம்பர் பிளேட்டைக் கழற்றி நாங்களே வைத்துக்கொண்டோம். சாலைக்கு இல்லாத மெஷின் என்று குறிப்பிட்டு, சேசிஸ் நம்பர், பெர்க்கின்ஸ் நம்பர், பிரேக் குறை மூன்றையும் எழுதி இரண்டு பேரும் சாட்சியோடு கையெழுத்துப் போட்டோம். பணம் பேங்குக் கணக்கில் விழுந்ததைத் தம்பி போனில் பார்த்த பிறகுதான் சாவி கை மாறியது, பழக்கமான மனிதராக இருந்தாலும். இரண்டு மைல்தானே என்று லோரியை ஓட்டிப் போக விடவில்லை, லோலோடர் (வண்டி ஏற்றும் தாழ்வான டிரெய்லர்) வைத்து ஏற்றினோம். அந்த வாடகை அவருடையது. அம்மா நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, முன்பலகைக்கு சூடம் காட்டினார்.

அப்பாவின் நோட்டுப் புத்தகத்தை ஃபோட்டோகாப்பி எடுத்து டுரியான்காரரிடம் கொடுத்திருந்தேன். எங்கெங்கே கிரீஸ் அடிப்பது, எந்த மேட்டில் எந்த கியர், மழைநாளில் எங்கே நிறுத்தக் கூடாது என்று எல்லாம் அதில் இருக்கிறது. மூன்றாம் வாரம் மேலேயிருந்து போன் வந்தது, பின்னால் எஞ்சின் ஓடும் சத்தத்தோடு.

"தங்கச்சி, பதினேழாம் பக்கத்துல 'இடது முளையை மறக்காதே'ன்னு எழுதியிருக்காரு. எந்த முளை?"

வின்ச் டிரம்முக்கு இடது பக்கம், சங்கிலிக்கு உள்ளே, விரல் விட்டால்தான் தட்டுப்படும், இழுப்பதற்கு முன் அது முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும் என்றேன். லைனிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருக்கு, தங்கச்சி. தட்டுப்பட்டுச்சு."